பெட்டி வண்டிக்கு நாலு கால்

எங்கள் தெருவில் மத்தியானம் யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் யாராவது ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். எந்த வீட்டில் யாருக்கு இந்த வாரம் என்ன ஷிப்ட் என்பது கீரைக்காரருக்குக்கூடத் தெரியும். அந்த வீட்டைத் தாண்டும்வரை கூவ மாட்டார். தாண்டியதும் சேர்த்து வைத்துக் கூவுவார். மாமரத்து நிழல் ரோட்டின் மேல் விழுந்து கிடக்கும். சுரங்கத்துப் பக்கமிருந்து ஒரு ரீங்காரம் வரும். காது கொடுத்தால் கேட்கும், கொடுக்காவிட்டால் மௌனம் மாதிரியே இருக்கும். நான் பிறந்தது சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸில், வாழ்க்கைப்பட்டதும் குவார்ட்டர்ஸில். மத்தியானம் என்றால் எனக்கு இதுதான்.

அந்த மௌனத்துக்குள் என் வீட்டுக்காரர் முப்பது வருஷத்துக்கு மேல் பகலில் தூங்கினார். அவருக்குச் சுரங்கத்தில் பெல்ட் செக்‌ஷனில் வேலை. வெட்டியெடுத்த மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு ஓடும் நீள நீளமான ரப்பர் பெல்ட் அறுந்தாலோ விலகினாலோ போய்ச் சரிசெய்ய வேண்டும். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் நைட். நானோ பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் உள்ளே வரும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். நான் பாயை உதறும்போது அவர் ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருப்பார். ஒரே கட்டிலை இரண்டு பேர் மாற்றி மாற்றி வாடகைக்கு எடுத்த மாதிரி குடும்பம் நடத்தினோம். அவர் தூங்கும் முகத்தைவிட, தலையணையில் அவர் தலை விட்டுப் போன குழியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இங்கே பாதி வீடுகளில் இப்படித்தான்.

ரிடையர் ஆகச் சில வருஷங்கள் இருக்கும்போது ஒரு நாள், சாப்பிட்ட தட்டிலேயே கை காய உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்:

"ரிடையர் ஆனதும் ஒரு வண்டி வாங்கிக்கினு, ரெண்டு பேரும் ஊர் ஊரா போயி தூங்கணும்."

எல்லோரும் ஊர் ஊராகப் போய்க் கோயில் பார்க்க வேண்டும் என்பார்கள், மலை பார்க்க வேண்டும் என்பார்கள். இவர் தூங்க வேண்டும் என்கிறார். நான் சிரித்துவிட்டேன். "தூங்குறதுக்கு எதுக்குங்க ஊரு, இங்கயே தூங்கலாமே" என்றேன். அவர் எழுந்து கை கழுவப் போனார். ஆனால் அந்த வார்த்தை என்னிடம் தங்கிவிட்டது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அது வரும். எங்கேயோ ஒரு மரத்தடி, ஒரு ஜன்னல், காற்று, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக் கிடக்கிறோம். யாரும் யாரையும் எழுப்பவில்லை. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அப்புறம் எனக்குத் தலைசுற்றல் வந்தது. ஒரு நாள் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினேன், மொத்த வகுப்பும் என்னோடு சேர்ந்து திரும்பியது. மேஜையைப் பிடித்தேன், மேஜையும் போயிற்று. காதுக்குள்ளே மணல் மாதிரிச் சின்னத் துகள்கள் இருக்குமாம், அவை இடம் மாறிவிட்டன என்றார் டாக்டர். மாத்திரையும் தலையைச் சாய்த்துச் செய்கிற பயிற்சியும் கொடுத்தார். பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் ஆட்டம் மட்டும் ஆகவில்லை. ஊஞ்சல் ஆகாது. நான் படுத்திருக்கும் மெத்தையின் ஓரத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் ஆகாது. வேடிக்கை என்னவென்றால், ஓடும் வண்டி ஒன்றும் செய்வதில்லை. எங்கள் பழைய ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து நெல்லிக்குப்பம் வரை போய் வருவேன். நிற்க வேண்டிய பொருள் நிற்காமல் ஆடினால்தான் என் தலை கிறுகிறுக்கும். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு ஆனேன்.

அவர் ரிடையரும் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்ன வாடகை வீடு பார்த்து வைத்திருந்தோம். அந்த இடைவெளியில் ஒரு நாள், பாண்டிச்சேரிப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு போனவர், பின்னால் ஒரு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

டிரெய்லர் வண்டி. இரண்டே சக்கரம். வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப்போன பெட்டி. உள்ளே இரண்டு பேர் நெருக்கிப் படுக்கிற படுக்கை, ஒரு அடுப்பு மேடை, கை கழுவ ஒரு குழி, மூன்று ஜன்னல். முன்னால் ஜீப்பில் மாட்டுகிற கொக்கி, அதைக் கழற்றி நிறுத்தும்போது ஊன்றிக்கொள்ள ஒரு குட்டிச் சக்கரம். நாலு மூலையிலும் அடியில் மடக்கி வைத்த இரும்புக் கால்கள். ஸ்டெபிலைசர் என்று விற்றவர் சொன்னாராம். ஒரு கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் கால் கீழே இறங்கும். தெருவே வந்து பார்த்தது. ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். "கக்கூஸ் எங்க?" என்று எல்லோரும் தவறாமல் கேட்டார்கள். பக்கத்து பிளாக் அம்மா, "பெட்டி வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், பலா மரத்தடியில் அதை நிறுத்தினார். செம்மண் தரை, லேசான சரிவு. ஜீப்பை அவிழ்த்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, புது மருமகளை வரவேற்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

நான் படியில் கால் வைத்தேன். வண்டி பின்பக்கம் அமுங்கியது. உள்ளே போனேன், முன்பக்கம் அமுங்கியது. பின்னாலேயே அவர் ஏறினார். அவர் கனத்துக்கு எல்லாப் பக்கமும் அமுங்கியது. நான் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்தேன்.

"ஆடுதா?" என்றார்.

"இல்லீங்க, ஒண்ணும் இல்ல."

எனக்குப் பொய் வராது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையும் வரவில்லை. இரண்டு பேரும் படுத்தோம். கூரையில் பலா இலைகளின் நிழல் மிதந்தது. ஜன்னல் வழியாகப் பழுத்த பழத்தின் வாசனை வந்தது. எல்லாம் நான் நினைத்து வைத்திருந்தபடியே இருந்தது. அவர் ஒரு முறை திரும்பிப் படுத்தார். கூரை கிளம்பிவிட்டது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி, மரத்தைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தேன். அவர் சொம்புத் தண்ணீரோடு பக்கத்தில் நின்றார்.

அடுத்த நாளும் முயன்றோம், அதற்கடுத்த நாளும். மூன்றாவது தடவை நான் வெளியே வந்தபோது அவரே சொல்லிவிட்டார், "வேணாம்மா, வித்துடலாம்." மந்தாரக்குப்பத்தில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர் ஒருவர் முன்பே கேட்டிருந்தார். ஒரு பக்கத்தை வெட்டிக் கல்லை உள்ளே போட்டால் வியாபாரத்துக்கு எடுப்பாக இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்து இழுத்துப்போவதாகப் பேச்சு. அதற்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

நான் "சரிங்க" என்றேன். உள்ளே போய்க் குழம்பைக் கிளறிக்கொண்டே அழுதேன். அவருக்காக அழுதேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எனக்காகவும்தான். நானும் அதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாதே.

விற்கலாம் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். நாலு கால்களையும் அதுவரை அவர் சரியாக ஊன்றவே இல்லை. இறக்கிப் பார்த்தால் செம்மண்ணில் புதைந்தன. அடியில் ஏதாவது கொடுக்க வேண்டும். என்ன கொடுப்பார்? பெல்ட்தான்.

எங்கள் ஊரில் பழைய சுரங்க பெல்ட் இல்லாத வீடு கிடையாது. ஏலத்தில் போன பெல்ட்டைக் கடைகளில் துண்டு துண்டாக வெட்டி விற்பார்கள். வாசலில் கால் துடைக்க அதுதான், மாட்டுக்கொட்டகையில் மாடு வழுக்காமலிருக்க அதுதான், வாஷிங் மெஷின் குதித்தாலும் தண்ணீர் மோட்டார் அதிர்ந்தாலும் அடியில் தள்ளுவது அதுதான். பூட்ஸ் அடி மாதிரி தடி ரப்பர். என் வீட்டுக்காரருக்கு அது குலதெய்வம். ஒவ்வொரு காலுக்கும் ஒரு துண்டு வைத்தார். வண்டி ஆடியது. இரண்டு வைத்தார். இன்னும் நன்றாக ஆடியது. "பத்தல போலிருக்குது" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது வைத்தார். நான் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சருக்கு இது புரியாதா? துண்டு ஏற ஏற ஆட்டமும் ஏறுகிறது. கிராஃப் போட்டுக் காட்டலாம் போல இருந்தது.

"ரப்பருங்க அது, அமுங்கும்" என்றேன்.

"முப்பது வருஷம் பெல்ட்ல கெடந்தவன், எனக்கே நீ பெல்ட்டைப் பத்தி சொல்றியா?"

நல்ல மனுஷன். ஆனால் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் ஃபோர்மேன் ஆகிவிடுவார். நான் போனில் ஒரு வீடியோ தேடி எடுத்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதே மாதிரி வண்டியைப் புல்வெளியில் நிறுத்தி, ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். மூன்று தடவை பார்த்தேன். அவரிடம் நீட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். "இவன் ஒரு பிரேக்டவுன் பாத்திருப்பானா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. சுரங்கத்தில் எது கோளாறானாலும் முதலில் அதைத் தூக்கி நிறுத்துவார்களாம். தூக்கிவிட்டால் அது உன் கையில். வண்டி ஆடுவது டயர்களால், டயர் காற்றால் ஆனது, அதைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால் ஆட்டம் போச்சு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நாலு காலையும் சுற்றிச் சுற்றி ஏற்றினார். சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின.

"இப்ப போய் படுத்துப் பாரு, மலை மாதிரி நிக்கும்" என்றார்.

நான் ஏறிப்போய்க் கதவைச் சாத்தினேன். அவர் பின்மூலையில் கடைசியாக இரண்டு சுற்றுச் சுற்றினார். எங்கேயோ கிறீச்சென்று ஒரு சத்தம். ஜன்னல் சட்டம் ஒன்று முறுக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு நான் ஒரு அடி எடுத்து வைத்தேன், அவ்வளவுதான். நாலு மூலையிலும் அடுக்கடுக்காக ரப்பர், அதன் மேல் நான். எல்லாம் கிளம்பியது. கதவைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. கைப்பிடி திரும்புகிறது, கதவு வரவில்லை. பெட்டி மொத்தமும் முறுக்கிக்கொண்டு கதவைக் கவ்விக்கொண்டிருந்தது.

"திறக்க மாட்டேங்குதுங்க."

அவர் வெளியிலிருந்து இழுத்தார். இழுக்க இழுக்க வண்டி குதித்தது.

"இழுக்காதீங்க! கையை எடுங்க!" நான் அவரை அப்படி அதட்டியதே இல்லை.

தரையில் மல்லாந்து படுத்துவிட்டேன். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது கூரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இலை நிழல்களும் கூடவே சுற்றின. குளத்துக்கு அடியில் படுத்து மேலே பார்க்கிற மாதிரி இருந்தது. வெளிச்சம் அலை அலையாக வந்தது. பயம் உச்சிக்குப் போய், அங்கேயே களைத்து இறங்கிவிட்டது. எனக்கு எங்கேயும் அவசரமில்லை என்று தோன்றியது. வெயில், பழ வாசனை, தூரத்து ரீங்காரம், முதுகுக்கு அடியில் மெல்லிய பலகை. அந்தப் பலகைக்கும் அடியில், மண்ணில் படுத்துக்கொண்டு, அவர் மூச்சு வாங்குவது கேட்டது. இரண்டு பேரும் ஒரு பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்திருந்தோம்.

"ஏம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

பிறகு, "இன்னா செய்யணும், சொல்லு" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு ரிப்பேர் வேலையில் அவர் என்னிடம் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எல்லாத்தையும் இறக்குங்க. சக்கரம் மண்ணுல நிக்கட்டும். ஒரேயடியா வேணாம். ஒரு மூலையில கொஞ்சம், குறுக்கால எதிர் மூலையில கொஞ்சம்."

இறக்கினார். ஒவ்வொரு சுற்றும் என் முதுகில் தெரிந்தது. வலது தோள் கொஞ்சம் கீழே போகும், பிறகு இடது இடுப்பு. சக்கரங்கள் மண்ணைத் தொட்டபோது வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. கதவு தானாகவே டொக்கென்று விட்டுக்கொடுத்தது. அவர் திறந்தார். முகமெல்லாம் செம்மண்.

"வா, வெளிய வந்துடு. போதும்."

போயிருக்கலாம். நாலு மணிக்கு ஆள் வந்து இழுத்துக்கொண்டு போயிருப்பார். நான் தலையை அசைக்காமல் சொன்னேன், "நான் இப்படியே இருக்கேன். நீங்க வேலையைப் பாருங்க. எந்தக் கால் நிக்குது, எந்தக் கால் நிக்கலன்னு எனக்குத்தான் தெரியுது."

"முடியுமா உன்னால?"

"முதல்ல அந்த பெல்ட்டை எல்லாம் தூக்கிப் போடுங்க."

பன்னிரண்டு துண்டையும் உருவி வெளியே போட்டார். சத்தத்தை வைத்து எண்ணினேன். பதிலுக்குக் கட்டை வேண்டும். அகலமாக, கெட்டியாக. வீட்டுப் பின்சுவரில் எங்கள் கட்டிலைக் கழற்றிச் சாத்தி வைத்திருந்தோம். பலா மரக் கட்டில், புது வீட்டு அறைக்குள் நுழையாது. யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

"கட்டில் பலகையை அறுங்க" என்றேன்.

"கட்டிலயா?"

"ஆமா. கட்டில் கால்களையும் அறுங்க. சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் முட்டுக் கொடுக்கணும்."

காலடி பின்சுவர்ப் பக்கம் போனது. பிறகு ரம்பச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாறி மாறிப் படுத்த கட்டில்தானே என்று இருந்தது.

வீடியோக்காரர் செய்த வரிசையில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சரிவுப் பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகை. இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டையை இறுக்கி அடிக்க வேண்டும், உருளவே கூடாது. முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரத்தைச் சுற்றி, முன்னும் பின்னும் ரசமட்டம் வைத்து மட்டம் பார்க்க வேண்டும். கடைசியில்தான் நாலு கால், நாலு பலகையின் மேல்.

"தூக்க வேணாங்க. கனத்தைச் சக்கரம் சுமக்கட்டும். கால் சும்மா பலகையைத் தொடணும். தொட்ட பிறகு அரைச் சுத்து. அவ்வளவுதான்."

"அரைச் சுத்துல இன்னா நிக்கும்?" என்று அவருக்குள் இருந்த ஃபோர்மேன் ஒரு கணம் எட்டிப் பார்த்தார். உடனே, "சரி, சரி" என்று உள்ளே போய்விட்டார்.

ஒவ்வொரு மூலையாகப் போய்க் கையால் அழுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். காதால் இல்லை, தலையால். இத்தனை நாள் எனக்கு எதிரியாக இருந்த அந்தத் துகள்கள் ஒவ்வொன்றும் தகவல் சொல்லின. பின்னால் இரண்டும் நின்றன. முன்னால் வலதும் நின்றது.

"முன்னாடி, என் இடது கைப் பக்கம். அது சும்மா நிக்குது. சேரல."

"ரசமட்டம் சரியாத்தான் காட்டுது."

"ரசமட்டத்துக்குத் தலை சுத்துமா?"

அவர் சிரிப்பது அடியிலிருந்து கேட்டது. கைப்பிடியில் கால் சுற்று கொடுத்தார். மறுபடி அழுத்தினார். "இப்போ?" இல்லை என்றேன். இன்னும் கால் சுற்று. "இப்போ?"

"வந்துருச்சு" என்றேன்.

எழுந்து நின்றேன். ஒரு அடி வைத்தேன், இன்னொரு அடி வைத்தேன். அடுப்பு மேடை வரை போய்த் திரும்பி வந்தேன். வேண்டுமென்றே குதிகாலால் ஒரு மிதி மிதித்தேன். எங்கேயோ ஒரு மெல்லிய அசைவு வந்தது, வந்த இடத்திலேயே நின்றது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவரைப் பார்த்தேன். மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் கைப்பிடியோடு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளித்துவிட்டுச் சாப்பிட்டோம். மணி இரண்டு தாண்டியிருந்தது. நான் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். அவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வெளியே போட்டார்.

"நீ படு. நான் இங்கயே உக்காந்துக்கினு இருக்கேன்."

"உள்ளே வாங்க."

செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு காலாக, பூனை மாதிரி ஏறினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சுவரோரம் நான், வெளிப்பக்கம் அவர். ஜன்னல் திரை உள்ளே வந்து வந்து போனது. கூரையில் நிழல்கள் இருந்தன, ஆனால் கூரை அதன் இடத்தில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பார்ப்பது நின்றுபோனது. பகல் கரைந்து ஓரங்கள் இல்லாமல் ஆயிற்று. வெகு தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவினார்கள், அது மழைச் சத்தமாயிற்று, அதுவும் போயிற்று. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எதையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாமல் தூங்கினேன்.

விழித்தபோது வெயில் ஜன்னல் மாறியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தேன். அவர் மல்லாந்து படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. நான் படுக்கும்போது எப்படிப் படுத்தாரோ அப்படியே, ஒரு விரல் இடம் மாறவில்லை. வலது கை முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இடது கையால் படுக்கையின் ஓரச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"தூங்கலையா?"

"இல்ல."

"ஏன்?"

"திரும்பினா ஆடும்."

மாட்டியிருந்த கையை நான்தான் வெளியே எடுத்தேன். விறைத்து, சில்லென்று, யாருடைய கையோ மாதிரி இருந்தது. எவ்வளவு நேரமாக வலித்திருக்கும். அதைத் தேய்த்துவிட்டேன். கூடவே கோபமும் வந்தது, சொல்ல முடியாத கோபம்.

"ஒருத்தர் தூங்க ஒருத்தர் முழிச்சிருக்கிறதுக்கா இந்த வண்டி? அதைத்தானே நாம இத்தனை வருஷமா செஞ்சோம்? இதுவும் ஷிப்ட்தானா?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் நனைந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழுதிருந்தாலும் நான் வேலைக்குப் போன நேரத்தில் அழுதிருப்பார்.

"நானும் இதுக்காகத்தாங்க காத்துக்கிட்டிருந்தேன்" என்றேன். "நீங்க அன்னைக்குச் சொன்ன நாள்லேருந்து. திரும்பிப் படுங்க."

"ஆடுமேம்மா."

"ஆடட்டும்."

தயங்கினார். பிறகு என் பக்கமாகத் திரும்பினார். பெரிய உடம்பு, முழுசாகத் திரும்பியது. வண்டி அசைந்தது. கூரை நிழல்கள் ஒரு பக்கம் சாய்ந்தன. எனக்குள்ளே அது கிளம்புவது தெரிந்தது. நான் எதையும் பிடிக்கவில்லை. கால் சுற்று, அரைச் சுற்று, இதோ, இதோ என்று வந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் எங்கேயும் போகவில்லை. அரைச் சுற்றில் கிறுகிறுப்பு தயங்கி, திரும்பி வந்து படிந்துவிட்டது.

"நின்னுருச்சு" என்றேன்.

அதற்குள் அவர் தூங்கிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. புருவத்தில் குளித்தும் போகாத செம்மண் ஒட்டியிருந்தது. தூக்கத்தில் இவர் முகம் இப்படித்தான் இருக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாசலில் லோடு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பரோட்டாக் கடைக்காரர். தூங்குகிறவரைத் தாண்டி மெதுவாக இறங்கிப் போனேன். கடைக்காரர் பெட்டி வண்டியைச் சுற்றி வந்து, கட்டில் பலகைகளையும் முட்டுக் கட்டைகளையும் குனிந்து பார்த்தார்.

"ஆடுதுன்னு சொன்னாருங்களே, சரி பண்ணிட்டீங்களா?"

"இன்னும் கொஞ்சம் ஆடுதுங்க. ஆனா விக்கல. உங்களை வீணா அலைய வெச்சதுக்கு மன்னிச்சுக்கங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பாவம், அவர் கோபம் நியாயம்தான். நான் திரும்பி வந்து படியில் கால் வைத்தேன். என் கனத்துக்கு வண்டி லேசாக அசைந்தது. உள்ளே என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.